ஆற்றோடு போனவளின் பெயர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தத் தனியார் ஆய்வுக்கூடம். சந்திரிகா அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் திரும்பி வரத் தொடங்கின. மாத்தளை டிஸ்பென்சரிக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனை முடிவு போய்ச் சேரவில்லை. நாவலப்பிட்டிக்குப் போனதும் அப்படியே.

முன்கவுண்டரில் இருந்த மஹ்ரூப்தான் எல்லாரிடமும் ஏச்சு வாங்கினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அங்கே எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். சாதாரணமாக எதற்கும் கோபப்படாதவர்.

"தங்கச்சி, இன்னா பாருங்க, காலையில இருந்து ஆறு டெலிபோன் கோல். நாங்க அனுப்பிட்டோம்னு நான் சொல்றேன், வரல்லன்னு அவங்க சொல்றாங்க. யார் சொல்றது உண்மை?"

"ரெண்டும் உண்மைதாங்க நானா. நாம அனுப்புறோம், அவங்க சேர்வர் வாங்க மாட்டேங்குது."

ஏன் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. அஞ்சல் சேர்வர் குளிர்பெட்டிகள் வைத்திருந்த அறையின் மூலையில் இருந்தது. கொழும்பிலிருந்து யாரோ வந்து பொருத்திவிட்டுப் போன மெஷின். பொருத்தியவர் வேலையைச் சுருக்கமாக முடித்திருந்தார். உலகத்தில் எங்கிருந்து யார் வந்து தட்டினாலும் அது திறக்கும். யாருக்குப் போகவேண்டிய கடிதத்தைக் கொடுத்தாலும் வாங்கி, ஆய்வுக்கூடத்தின் பெயரைப் போட்டு அனுப்பிவைக்கும். எந்த நாட்டுக்காரர்களோ இதை மோப்பம் பிடித்து, மாத்திரை விளம்பரமும் கைக்கடிகார விளம்பரமும் இரவு பகலாக இதன் வழியே ஆயிரக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மற்றச் சேர்வர்கள் கட்டுகஸ்தோட்டை ஆய்வுக்கூடத்தைக் குப்பை அனுப்பும் இடம் என்று ஒதுக்கி வைத்துவிட்டன.

ஆய்வுக்கூடத்தின் சொந்தக்காரர் டொக்டர் எக்கநாயக்க. அவரிடம் போய்ச் சிங்களத்தில் விளக்கினாள்.

"அப்படியானால் மூடிவிடு," என்றார் அவர்.

"முழுசா மூடினா நமக்கு வர்றதும் வராது சேர். யார் வரலாம், யார் வரக்கூடாது, வந்தவங்க என்ன கொடுக்கலாம்னு மெஷினுக்குச் சொல்லி வைக்கணும்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"எழுத ஒரு மணித்தியாலம். யோசிக்கத்தான் நேரம் வேணும்."

யோசித்துத்தான் எழுதினாள். ஆய்வுக்கூடத்துக்கு உள்ளேயும் இரத்தம் சேகரிக்கும் கிளைகளிலும் இருக்கிற கணினிகள் யாருக்கும் அனுப்பலாம். வெளியே இருந்து வருகிறவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே கடிதம் கொடுக்கலாம். வேறு யாருக்கும் கொடுத்து அனுப்பச் சொன்னால் மெஷின் மறுத்துவிட வேண்டும். மூன்றாவது விதியில்தான் அதிக நேரம் நின்றாள். டெலிபோன் லைனில் டயல் செய்து இணையத்துக்குள் வருகிறவர்களுக்குச் சொந்தமாக ஒரு இணைய எண் கிடையாது. ஒவ்வொரு தடவையும் இணையக் கம்பெனி தன் கையில் இருக்கிற எண்களில் ஒன்றைக் கொடுக்கும், இணைப்பு விட்டதும் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். குப்பையில் முக்கால்வாசி அந்த எண்களிலிருந்துதான் நேரே வந்து விழுந்தது. ஒழுங்கான டிஸ்பென்சரிகளும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் கம்பெனியின் சேர்வர் வழியாகத்தான் அனுப்பும், இப்படி நேரே வந்து தட்டாது. மஹ்ரூபிடமும் கேட்டுப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்து அப்படி யாரும் இல்லை. ஆகவே அந்த மாதிரி எண்கள் எதையும் வாசலிலேயே நிறுத்திவிடும்படி எழுதினாள்.

இரண்டொரு நாளில் குப்பை நின்றது. ஒதுக்கி வைத்தவர்களுக்கு எழுதி, அந்தப் பட்டியல்களிலிருந்து ஆய்வுக்கூடத்தின் பெயரை எடுக்கவைத்தாள். மாத்தளைக்கும் நாவலப்பிட்டிக்கும் அஞ்சல் போய்ச் சேர்ந்தது. மஹ்ரூப் தன் செலவில் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். தான் செய்த வேலை இவ்வளவு சுத்தமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சந்திரிகாவுக்குப் பிடித்திருந்தது. கலகெதரப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் வளர்ந்து, பேராதனையில் படித்துவிட்டு வந்தவளுக்கு அதுதான் முதல் நிரந்தர வேலை.

ஆய்வுக்கூடத்தின் கடைசி அறையில் நுண்ணோக்கியோடு இருந்தவர் டொக்டர் விமலநாதன். கட்டிகளிலிருந்து எடுத்த தசைத் துண்டுகளைப் பார்த்துப் புற்றுநோயா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனைக்குப் படிக்க வந்தவர், பிறகு கண்டியை விட்டுப் போகவேயில்லை. முன்கூட்டியே ஓய்வு பெற்ற பின்னர் இங்கே வாரத்தில் மூன்று நாள் வருவார்.

அந்த வாரம் தேநீர் குடிக்கும்போது, "வடக்கில இருந்து ஒண்டும் வரேல்லை," என்று சொன்னார். "லைன் இல்லைப்போல."

யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த வருசம், 2006 ஓகஸ்டில்தான் சண்டை மறுபடி தொடங்கி யாழ்ப்பாணத்துப் பாதையை மூடியிருந்தார்கள். லொறி இல்லை, பஸ் இல்லை, வெளியூர் டெலிபோனும் சில நாளாக வேலை செய்யவில்லை. அங்கேயிருந்து எது வராவிட்டாலும் அதற்கு அந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை, மஹ்ரூப் கடைசி அறைக்கு ஓடிப்போனார். "டொக்டர், யாழ்ப்பாணத்து கோல். கெதியா வாங்க, எப்ப கட் ஆகும்னு சொல்லேலா."

கூப்பிட்டவர் டொக்டர் மகேந்திரராசா. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நிபுணர். விமலநாதனோடு ஒரே விடுதியில் இருந்து படித்தவர். அங்கே தசைத் துண்டை வெட்டிச் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டித் தர ஆள் இருந்தார். பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை, இருந்தவர் வெளிநாடு போய்விட்டார். முன்பெல்லாம் கண்ணாடிகளைப் பஞ்சில் சுற்றி பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். பாதை மூடிய பிறகு நுண்ணோக்கிக்கு மேலே கமராவைப் பிடித்துப் படம் எடுத்து, தன்னுடைய மடிக்கணினியிலிருந்து நேரே ஆய்வுக்கூடத்துச் சேர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வெளியூர் டெலிபோன் வேலை செய்யாத நாளிலும் அங்கேயிருந்த இணையக் கம்பெனியின் லைன் ஓடியது. இரண்டு நண்பர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. சந்திரிகாவிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

விமலநாதன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பிள்ளை, கொஞ்சம் வாரும்," என்று கூப்பிட்டார். "அவன் ஒவ்வொரு நாளும் அனுப்பிறானாம். எங்கட மெஷின்தான் ஏலாது எண்டு சொல்லுதாம். என்ன விசயம் எண்டு பாரும்."

அவள் போய்ப் பார்த்தாள். மறுக்கப்பட்ட இணைப்புகளின் பதிவு நீண்டு கிடந்தது. குப்பைக்காரர்களுக்கு நடுவே, தினமும் காலையில், ஒரே கம்பெனியின் வெவ்வேறு எண்களிலிருந்து ஒருவர் வந்து தட்டியிருந்தார். அனுப்பியவர் பெயர் தெளிவாக இருந்தது. பெறுபவர் விமலநாதன். மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தது. அந்தப் பதிலை ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதி வைத்தவள் அவள்தான்.

திரும்பி வந்தபோது விமலநாதன் ரிசீவரை வைத்துவிட்டிருந்தார். லைன் போய்விட்டது.

"பழுது ஒண்ணுமில்லீங்க டொக்டர். நான்தான் மூடியிருக்கேன். இப்படி ஒருத்தர் வர்றாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாட்டியும், மூடுறதுக்கு முன்னால யாரெல்லாம் வர்றாங்கன்னு பதிவைப் பார்த்திருக்கணும். பார்க்கல்ல."

விமலநாதன் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழு பேரின்ர படம் இருக்கிதாம். அதில ஒரு டீச்சர், செசிலியா எண்டு பேர். மார்பில கட்டி. கெட்டதெண்டால் உடன வெட்டவேணும், இல்லையெண்டால் தொடத் தேவையில்லை. அவவும் கேட்டுக் கேட்டு அலையிறாவாம். இப்ப திறந்துவிடலாமோ?"

"அதுதாங்க சிக்கல். அவருக்கு இன்னைக்கு ஒரு எண், நாளைக்கு ஒரு எண். அவரை விடணும்னா அந்தக் கம்பெனி எண் எல்லாத்தையும் விடணும். விட்டா பழையபடி குப்பை."

"அப்ப?"

அவள் நின்றபடியே யோசித்தாள். "எங்கிருந்து வர்றாங்கன்னு பார்க்காம, யார் வர்றதுன்னு பார்க்கலாம். அவருக்கு ஒரு பேரும் பாஸ்வேர்ட்டும் கொடுத்து, தனியா ஒரு வாசல் வைக்கலாம். அந்த வாசல்ல எண்ணைப் பத்திக் கேக்காது. பாஸ்வேர்ட் சரியா இருந்தா உள்ள விடும். ஆனா சேரைக் கேக்காம செய்ய ஏலாது."

எக்கநாயக்கவின் அறையில் மூவருமாக இருந்தார்கள். அவர் பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்டார். தினமும் கண்டியில் பொலிஸ் சோதனை நடந்துகொண்டிருந்த காலம் அது.

"யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் நேரே நம் மெஷினுக்கு வருகிறார். அதற்கு நாம் இரகசியச் சொல் கொடுக்கிறோம். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?"

"நோயாளிகளின் படம் வருகிறது என்று சொல்லுங்கள்," என்றார் விமலநாதன்.

"உங்களுக்கு அது போதும், டொக்டர். கேட்பவனுக்குப் போதுமா?" சந்திரிகா பக்கம் திரும்பினார். "அந்த வாசலால் வந்து வேறு என்ன செய்யலாம்?"

"அஞ்சல் கொடுக்கலாம். அவ்வளவுதான் சேர். ஒவ்வொரு தடவையும் பேரும் நேரமும் பதியும்."

எக்கநாயக்க ஜன்னலுக்கு வெளியே, பாலத்தில் நின்ற பஸ் வரிசையைப் பார்த்தார். அவருக்கு இஷ்டமில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் கடைசியில், "சரி, செய்யுங்கள்," என்றார். "யார் கேட்டாலும் நான் சொல்லித்தான் செய்தது என்று சொல்லவேண்டும். நீங்கள் இரண்டு பேரும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்."

மத்தியானத்துக்குள் அவள் வாசலைத் திறந்துவிட்டாள். மகேந்திரராசாவின் பெயரைப் பதிந்தாள். பாஸ்வேர்ட்டைத் தட்ட விமலநாதனையே உட்காரவைத்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போன்ல இதை அப்படியே சொல்லக்கூடாதுங்க. நடுவுல யார் கேட்டாலும் அவங்களும் உள்ள வந்துடுவாங்க. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு போடுங்க."

விமலநாதன் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

எத்தனையோ தடவை முயன்று பின்னேரம்தான் யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைத்தது. முதலில் சந்திரிகா பேசினாள். எந்த இடத்தை அழுத்த வேண்டும், எந்தப் பெட்டியில் குறி போடவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகேந்திரராசா, "ஓம், ஓம், கண்டிட்டன்," என்று பொறுமையாகச் செய்தார். பிறகு ரிசீவர் விமலநாதனின் கைக்குப் போனது.

"மகேன், கேள். பாஸ்வேர்ட்டை நான் சொல்லமாட்டன். ஆத்தோட போனவளை ஞாபகம் இருக்கோ? அவளின்ர பேர். பின்னால அவள் போன வருசம்."

லைனில் இரைச்சலுக்கு மேலாக ஒரு சிரிப்புக் கேட்டது. "அவளோ? மறப்பனோ. நீதானேடாப்பா தள்ளிவிட்டனி."

"சரி சரி, இப்ப அதைக் கதையாத. எழுதினியோ?"

"எழுதிட்டன். இப்ப கரண்ட் இல்லை, பட்டரியும் முடியப்போகுது. காலமை ஜெனரேட்டர் போடுவினம், பன்னிரண்டு மணி வரைக்கும் ஓடும். அதுக்குள்ள அனுப்பிறன்."

ரிசீவரை வைத்த பிறகு சந்திரிகா கேட்டாள். "யாருங்க டொக்டர் அது, ஆத்தோட போனது?"

"அது ஒரு பழைய கதை பிள்ளை," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணி போல மூன்று பேர் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் இன்ஸ்பெக்டர் அபேகோன், கண்டியிலிருந்து. பின்னால் இரண்டு பேர் சாதாரண உடையில். அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியும். மஹ்ரூப் எழுந்து நின்று கதிரை போட்டார். அவர்கள் உட்காரவில்லை.

"நேற்றுப் பின்னேரம் இங்கேயிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேசியது யார்?"

விமலநாதன் அறையிலிருந்து வெளியே வந்தார். "நான்தான்," என்று சிங்களத்தில் சொன்னார்.

"நானும் பேசினேன்," என்றாள் சந்திரிகா.

சத்தம் கேட்டு எக்கநாயக்கவும் வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். குரல் உயரவில்லை. "ஆற்றோடு போனவள். அவளுடைய பெயர். அவள் போன வருசம். அதற்கு மற்றவர் சொல்கிறார், நீதானே தள்ளிவிட்டாய் என்று." தாளை மடித்தார். "யார் அந்தப் பெண்?"

முதல்நாள் அந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டவள் சந்திரிகா. வெளியே இருந்து கேட்டவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவேயில்லை. இப்போது அவளுக்கே அது வேறு மாதிரிக் கேட்டது. விமலநாதனின் முகத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"முதலில் அந்த மெஷினை நிறுத்துங்கள்," என்றார் இன்ஸ்பெக்டர்.

எக்கநாயக்க தலையை அசைத்தார். அவள் குளிர்பெட்டி அறைக்குப் போய் நிறுத்தினாள். தமிழ் தெரிந்தவர் கூடவே வந்து கதவடியில் நின்றார். அங்கே இப்போது ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். அவர் அனுப்பப் பார்ப்பார், மறுபடியும் கதவு திறக்காது.

அவள் திரும்பி வந்தபோது விமலநாதன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். காது சிவந்திருந்தது.

"அது பெண் இல்லை," என்றார். "பைசிக்கிள்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்ளவில்லை. "பைசிக்கிளுக்குப் பெயரா?"

"எங்களுக்கு அப்போது இருபது வயது, இன்ஸ்பெக்டர். மகேந்திரராசாவிடம் ஒரு பழைய லேடீஸ் பைசிக்கிள் இருந்தது. விடுதியில் எல்லாரும் அதற்குப் புஷ்பராணி என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு மழைநாள் நான் ஓட்டினேன், அவன் பின்னால் இருந்தான். ஆற்றங்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் குதித்துவிட்டோம். அது மட்டும் போய் மகாவலியில் விழுந்தது. வெள்ளம். தேடிக் கிடைக்கவில்லை. நான்தான் தள்ளிவிட்டேன் என்று அவன் இன்று வரைக்கும் சொல்கிறான்."

"அது எந்த வருசம்?"

"எழுபத்து நாலு."

"ஒரு பைசிக்கிளின் பெயரை ஏன் யாழ்ப்பாணத்துக்கு டெலிபோனில் கேட்கவேண்டும்?"

அதற்குச் சந்திரிகா பதில் சொன்னாள். குப்பை அஞ்சலிலிருந்து தொடங்கினாள். மூடியதையும், மூடியதில் டொக்டர் மகேந்திரராசாவும் வெளியே நின்றுபோனதையும், பாஸ்வேர்ட் கொடுக்கவேண்டி வந்ததையும் வரிசையாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார்.

"நான் அனுமதி கொடுத்தேன்," என்றார் எக்கநாயக்க. "என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

"எழுதுகிறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு சந்திரிகாவிடம், "நீ சொல்வது எனக்கு விளங்குகிறது. உண்மையா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"மெஷினைப் போட்டாத்தான் காட்ட முடியும் சேர்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எக்கநாயக்கவைப் பார்த்தார். "போடு."

மெஷின் எழும்பும்வரை குளிர்பெட்டிகளின் முனகல்தான் கேட்டது. அவள் ஒரு சின்னக் கணினியில் மகேந்திரராசாவின் பெயரைத் தட்டிவிட்டுக் கதிரையை இன்ஸ்பெக்டருக்கு விட்டுக்கொடுத்தாள். அவர் ஒற்றை விரலால் எதையோ தட்டினார். மெஷின் மறுத்தது. இன்னொன்று தட்டினார். மறுபடியும் மறுத்தது.

"இப்ப பதிவைப் பாருங்க சேர்," என்று பக்கத்துத் திரையைக் காட்டினாள். அவர் தட்டியது இரண்டும் நேரத்தோடு அதில் விழுந்திருந்தது.

"பைசிக்கிளின் பெயரைத் தட்டு."

விமலநாதன் அவளைப் பார்த்தார். "தட்டுங்க டொக்டர்," என்றாள் அவள். "பிறகு மாத்திக்கலாம்."

அவர் ஆங்கில எழுத்துகளில் புஷ்பராணியையும் பின்னால் எழுபத்து நாலையும் தட்டினார். மெஷின் அவரை உள்ளே விட்டது. தமிழ் தெரிந்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை அடக்குவது போல இருந்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"இனி அங்கேயிருந்து என்ன வருகிறது என்று பார்க்கவேண்டும்," என்றார். இப்போதுதான் கதிரையை இழுத்துச் சரியாக உட்கார்ந்தார்.

அவர்கள் காத்திருந்தார்கள். மஹ்ரூப் தேநீர் கொண்டுவந்தார். அதை இன்ஸ்பெக்டர் வாங்கிக் குடித்தார். பதினொன்று தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பதிவில் ஒரு வரி விழுந்தது. யாழ்ப்பாணத்துக் கம்பெனியின் எண், மகேந்திரராசாவின் பெயர், ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் அசையவில்லை. அந்த லைனில் ஒரு படம் வந்து சேர இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று விமலநாதன் மெதுவாகச் சொன்னார்.

முதல் அஞ்சல் வந்தது. சந்திரிகா திறந்தாள். ஊதாவும் இளஞ்சிவப்புமாகத் திரை நிறைந்தது. நோயாளியின் பெயர், வயது, எந்தப் பக்கத்துக் கட்டி என்று கீழே எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்து பார்த்தார்.

"இது என்ன?"

"செசிலியா டீச்சர்," என்றார் விமலநாதன். அவர் ஏற்கெனவே கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய்விட்டார். ஒரு மூலையைப் பெருப்பிக்கச் சொன்னார், பிறகு இன்னொரு மூலையை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவரைப் பொறுத்தவரை அறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "டொக்டர், நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கவேண்டும்."

"வருகிறேன்," என்றார் விமலநாதன் திரும்பாமலே. "இன்னும் ஆறு பேர் வரவேண்டியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு அவனுக்குக் கரண்ட் போய்விடும். வருகிறதைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

இன்ஸ்பெக்டர் கூட வந்தவர்களை வெளியே போய் இருக்கச் சொன்னார். தானும் முன்கவுண்டர் மர வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டரை மணிவரை அங்கேயே இருந்தார். ஏழில் ஐந்து பேரின் படங்கள் வந்திருந்தன.

விமலநாதன் ஜீப்பில் போனார். எக்கநாயக்க தன் காரில் பின்னால் போனார். சந்திரிகாவின் அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் எழுதிக்கொண்டு, கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பின்னேரம் அவளால் எந்த வேலையும் செய்ய முடியவில்லை. மஹ்ரூப் இடைக்கிடை வந்து, "பெரியவரும் கூடத்தானே போயிருக்காரு, ஒண்ணும் ஆகாது தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போதெல்லாம் படியைப் பார்த்தார்.

நாலு மணிக்கு இருவரும் திரும்பி வந்தார்கள். விமலநாதன் களைத்திருந்தார்.

"என்னங்க சொன்னாங்க?"

"ரெண்டு தரம் எழுதினவங்கள். ஒருக்கா சிங்களத்தில, ஒருக்கா இங்கிலீசில. பைசிக்கிள் என்ன நிறம் எண்டும் கேட்டவங்கள்." உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். "போகேக்குள்ள அந்த இன்ஸ்பெக்டர் சொன்னார், இனிப் பேசினால் கேக்கிறவனுக்கும் விளங்கிற மாதிரிப் பேசுங்கோ எண்டு. நியாயம்தான்."

"மெஷினை என்ன செய்யச் சொன்னாங்க?"

எக்கநாயக்க பதில் சொன்னார். "ஓடட்டும் என்றார். வேண்டிய நேரம் பதிவைக் காட்டவேண்டும். காட்டுவோம் என்று சொன்னேன்."

அவர் அறைக்குள் போன பிறகு விமலநாதன் தாளை எடுத்துச் செசிலியாவின் முடிவை எழுதினார். கெட்ட கட்டிதான். சின்னது, பரவத் தொடங்கிய அடையாளம் படத்தில் இல்லை. வெட்டலாம், உடனே வெட்டவேண்டும். மற்ற நாலு பேரில் மூவருக்குப் பயமில்லை. ஒரு மீன்பிடிகாரருக்கு மட்டும் நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. அதை எழுத அவருக்கு அதிக நேரம் பிடித்தது.

சந்திரிகா அன்றே மகேந்திரராசாவுக்கு அந்த மெஷினிலேயே ஓர் அஞ்சல்பெட்டி திறந்து, முடிவுகளையும் அங்கேயே போட்டாள். மறுநாள் காலை அவர் பழைய சொல்லோடு வந்து எடுத்துக்கொண்டு, அவள் சொல்லியிருந்தபடி தானே ஒரு புதுச் சொல்லை வைத்தார். அது என்னவென்று அவளுக்கும் தெரியாது, விமலநாதனுக்கும் தெரியாது.

அந்த வாரக் கடைசியிலேயே செசிலியாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும். பாதை மூடிக் கிடந்ததால் கப்பலில்தான் போகலாம், அதில் இடம் கிடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. திருகோணமலையில் இறங்கி பஸ்ஸில் கண்டி வழியாகப் போனபோது, கட்டுகஸ்தோட்டையில் இறங்கி ஆய்வுக்கூடத்துப் படியேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் சேலைத் தலைப்பைப் போட்டிருந்தார். விமலநாதன் அன்றைக்கு வரும் நாளில்லை. மஹ்ரூப் அவரைச் சந்திரிகாவிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

"டொக்டர் இல்லையெண்டு சொல்லிச்சினம். நீங்களும் இதில ஆள்தான் எண்டு மகேந்திரராசா டொக்டர் சொன்னவர்," என்றார் செசிலியா.

தன்னால்தான் ஒரு வாரத்துக்கு மேல் பிந்தியது என்று சந்திரிகா சொல்லத் தொடங்கினாள். செசிலியா முழுவதையும் கேட்டார்.

"அந்தக் கிழமை முழுக்க நான் டொக்டரோட சண்டை பிடிச்சனான்," என்றார் பிறகு. "அவர் பாவம், ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து எனக்குக் காட்டுவார், இந்தா பாருங்கோ டீச்சர், விடுகுதில்லை எண்டு." கொஞ்சம் சிரித்தார். "தண்ணி ஒரு கிளாஸ் தாறீங்களோ? பஸ் போயிடும்."

தண்ணீர் குடித்துவிட்டு, சந்திரிகாவின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் படியிறங்கினார்.

அந்த வருசம் முடிவதற்குள் மன்னாரிலிருந்து ஒரு டொக்டரும் வவுனியாவிலிருந்து இரண்டு பேரும் அதே வாசலால் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் எக்கநாயக்கவிடம் போய்க் கேட்டுத்தான் பெயர் பதிந்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் பேனையால் மேசையைத் தட்டிவிட்டுத்தான் சரி என்றார். குப்பை அனுப்புகிறவர்கள் புதுப்புது வழி கண்டுபிடித்து வந்தார்கள், அவளும் புது விதிகள் எழுதவேண்டி வந்தது. ஆனால் எழுதியதை உடனே போடமாட்டாள். யாரையும் நிறுத்தாமல், நிறுத்தினால் யார் யார் நிற்பார்கள் என்று மட்டும் ஒரு வாரம் பதியவிட்டு, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

"இதுக்கு ஏன் இவ்வளவு நாள் தங்கச்சி?" என்று மஹ்ரூப் கேட்டார். "குப்பை வந்து குமியுதே."

"குமிஞ்சா அழிச்சிரலாங்க நானா," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுல நாவலப்பிட்டி ஆள் யாரோ இருக்கற மாதிரி இருக்கு. இந்தப் பேர் உங்களுக்குத் தெரியுமான்னு பாருங்க."

மஹ்ரூப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.